நான் எரித்த ஏழு கார்கள்

புதுச்சேரியில் ஒரு உள்ளூர் டிவி சேனலில் உலகச் செய்தி எழுதுவது என் வேலை. வெளிநாட்டுக் காட்சிகளை விற்கும் நிறுவனம் ஒன்றிடமிருந்து எங்களுக்குப் படம் வரும். படத்தோடு பிரெஞ்சில் ஒரு தாளும் வரும். எந்தக் காட்சி, எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, அதில் இருப்பது யார் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஷாட் லிஸ்ட் என்போம். அதைப் படித்துத் தமிழில் எழுத வேண்டும். என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், வீட்டில் பிரெஞ்சு புழங்கியது, அதனால் எனக்கு இந்த வேலை கிடைத்தது. வேறு திறமை எதுவும் காரணம் இல்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளூரில் என்ன நடந்தாலும் அமுக்கி எழுத வேண்டும். வெளிநாட்டில் என்ன நடந்தாலும் ஊதி எழுத வேண்டும். ஒருமுறை கடலோரத்தில் இரண்டு ஊர்களுக்குள் வலைத் தகராறு வந்தது. மண்டை உடைந்தது, ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நாங்கள் எழுதியது, 'இரு தரப்பினரிடையே கருத்து வேறுபாடு ஏற்பட்டது'. இதற்குப் பொறுப்புணர்ச்சி காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தப்பாக எழுதினால் மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு ஊர்க்காரர்களும் எங்கள் ரிசப்ஷனில் வந்து நிற்பார்கள். அந்தப் பயம்தான்.

எங்கள் நியூஸ் எடிட்டர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். இங்கே வேலைக்கு வந்த முதல் நாளே அவர் என்னிடம் சொன்னார்.

"உலகச் செய்திக்கு மட்டும் யாரும் ரிசப்ஷனுக்கு வரமாட்டாங்க மேடம். நீங்க தைரியமா எழுதுங்க."

தைரியமாகத்தான் எழுதினேன். நமக்கு வேண்டிய நாட்டில் போலீஸ் தடியால் அடித்தால் 'கூட்டத்தைக் கலைத்தனர்' என்று எழுதினேன். வேண்டாத நாட்டில் அதே தடி, அதே அடி, 'கொடூரத் தாக்குதல்' என்று எழுதினேன். ஆப்பிரிக்காவில் ஒரு நகரமே தெருவில் இறங்கி நின்றபோது பதினைந்து வினாடி கொடுத்தோம். அந்த நகரத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை, உச்சரிக்கக் கஷ்டமாக இருந்தது என்று செய்தி வாசிப்பவர் விட்டுவிட்டார். எது வேண்டிய நாடு, எது வேண்டாத நாடு என்று யாரும் எனக்குப் பட்டியல் கொடுக்கவில்லை. கேட்காமலேயே தெரிந்திருந்தது. அதுதான் அசிங்கம்.

நான் சொல்லவரும் விஷயம் நடந்தபோது பாரிசுக்கு வெளியே ஒரு புறநகரில் கலவரம். போலீஸ் பிடித்துக்கொண்டு போன இளைஞன் ஒருவன் செத்துப்போனான். அந்தப் பகுதிக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்களுக்கு மத்தியானம் படம் வந்தது. மொத்தம் இருபது சொச்சம் வினாடி. தாளில் ஆறு காட்சி இருந்தது. சாலையோரம் எரியும் ஒரு கார். பேருந்து நிறுத்தத்தில் உடைந்த கண்ணாடி. தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிளம்பப்போகும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாள். கேடயத்தோடு போலீஸ் வரிசை. செத்தவனின் படத்தையும் பூக்களையும் வைத்துக்கொண்டு பேசாமல் நடந்து போகிறவர்கள். காலையில் தெருவைக் கூட்டும் துப்புரவுப் பணியாளர்கள். அவ்வளவுதான்.

எடிட்டர் ஒன்றரை நிமிடம் வேண்டும் என்றார். இருபது வினாடிப் படத்தை ஒன்றரை நிமிடமாக்குவது எங்களுக்குப் புதிது இல்லை. பூ வைத்துக்கொண்டு நடந்தவர்களை எடுத்துவிட்டோம். தெரு கூட்டியவர்களை எடுத்துவிட்டோம். காரை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டோம். ஒருமுறை முழுசாக, ஒருமுறை நெருப்பை மட்டும் கிட்டத்தில், ஒருமுறை வேகத்தைக் குறைத்து, ஒருமுறை படத்தையே இடம் வலமாகத் திருப்பி. அப்படித் திருப்பினால் வேறு கார் மாதிரி இருக்கும். எல்லாம் சேர்த்து ஏழு தடவை.

தாளில் 'அப்பகுதி இளைஞர்கள்' என்று இருந்தது. எடிட்டர் என் பின்னால் நின்று படித்தார்.

"இளைஞர்கள்னா நம்மாளு யாரு பாக்கப்போறான்? வந்தேறிகள்னு போடுங்க."

"தாள்ல அப்படி இல்ல சார்."

"தாளா டிவியில வருது?"

என் அக்கா கல்யாணமாகி பிரான்சுக்குப் போய் முப்பது வருஷம் ஆகிறது. அவளும் அங்கே வந்தேறிதான். அந்த வார்த்தையை அடிக்கும்போது அவள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. வந்தும் அடித்தேன். பேருந்துக்கு ஓடிய பெண்ணுக்கு 'உயிருக்கு அஞ்சி ஓடும் பொதுமக்கள்' என்று எழுதினேன். தலைப்பு 'பற்றி எரிகிறது பிரான்ஸ்'. மாலை ஆறு மணிக்குப் போனது. நானும் வீட்டுக்குப் போய்விட்டேன்.

என் வீடு உப்பளம் பகுதியில். எதிர்வீட்டில் இருப்பவர் பெரிய மார்க்கெட் பக்கம் சூட்கேஸ் கடை வைத்திருக்கிறார். தெருவில் எல்லோரும் பாய் என்போம். பிரான்சுக்குப் போகிற குடும்பங்களில் பாதிப் பேர் அவரிடம்தான் பெட்டி வாங்குவார்கள். அவருடைய ஒரே மகளை, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள காரைக்கால் குடும்பத்துப் பையனுக்குக் கொடுத்திருந்தார். அவன் அங்கே ரயில்வேயில் மின்சார வேலை பார்க்கிறான். நிக்காஹ் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்து, கடைசியில் அந்த மாதம்தான் விசா கிடைத்தது. அதில் ஒரு தேதி போட்டிருந்தது. அந்தத் தேதிக்குள் அங்கே போய் இறங்க வேண்டும். தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் செய்தி எழுதிய நாளில் அந்தத் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. டிக்கெட் போட்டிருந்தது ஏழாம் நாளுக்கு.

மறுநாள் காலை நான் ஆபீசுக்குக் கிளம்பி வண்டியை வெளியே தள்ளும்போது பாய் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, நேத்து உங்க டிவி பாத்தியா? ஏழு காரு. நான் உக்காந்து எண்ணினேன்."

மகள் உள்ளேயிருந்து வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் வாய் ஓயவில்லை.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து இதையேதான் சொல்றாரு ஆன்ட்டி. ஏழு காரு, ஏழு காரு. ஷோரூம் வச்சிருக்கறவங்களே இவ்ளோ எண்ணமாட்டாங்க."

"சிரிக்காதடி. ஒரு பொம்பள, நம்மள மாதிரி முக்காடு போட்டவ, கைக்குழந்தைய தூக்கிக்கிட்டு உயிருக்கு பயந்து ஓடறா. அத பாத்துட்டு உன்ன அனுப்பணுமா? டிக்கெட்ட கேன்சல் பண்ணப் போறேன்."

"அவரு இருக்கறது அந்த ஊரே இல்ல அத்தா!"

"பாரிஸ்தானே?"

"பாரிசுக்கு அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ, பாரிஸ்தானே?"

எங்கள் ஊரில் இது ஒரு வியாதி. பிரான்சில் எந்த மூலையில் இருந்தாலும் பாரிஸ் என்போம். என் அக்கா இருக்கிற ஊரின் பெயரை அப்பாவே சரியாகச் சொன்னதில்லை. பாரிசில் இருக்கிறாள் என்றுதான் சாகும்வரை சொன்னார்.

மாப்பிள்ளை வீடியோவில் கூப்பிட்டானாம். ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டினானாம். ஒரு கிழவி நாயைக் கூட்டிக்கொண்டு போனாளாம். அதைப் பார்த்தும் பாய் நம்பவில்லை.

"ஜன்னல் வழியா ஒரு பக்கம்தான் காட்டறான். மறுபக்கம் இன்னா நடக்குதோ, யாருக்குத் தெரியும்? பொண்டாட்டிய வரவழைக்கணும்னு நினைக்கிறவன் நாய்க்குட்டியத்தான் காட்டுவான்."

மருமகன் கேமராவை இப்படித் துருவுகிற மனுஷன், எங்கள் கேமராவை ஒரு கேள்வி கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"பாய், அது ஏழு காரு இல்ல. ஒரே காரு. ஏழு தடவ போட்டாங்க."

"யாரு சொன்னா?"

"நான்தான் பாய் அந்தச் செய்திய எழுதினேன்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"எனக்கு ஆறுதலுக்காகச் சொல்ற. நல்ல மனசு உனக்கு. ஆனா நீ எழுதினா இன்னா, எழுதாட்டி இன்னா? டிவியில வந்துச்சா இல்லியா?"

அவர் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "அவருகிட்ட மனுஷங்க சொன்னா ஏறாது தங்கச்சி. கரண்டு பொட்டி சொன்னாத்தான் ஏறும்."

எழுதினவளே எதிரில் நின்று பொய் என்கிறேன். எழுதினதை நம்புகிறார், என்னை நம்பவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

ஏனென்றால் இதே வேலையை அங்கிருப்பவர்கள் எனக்குச் செய்தபோது நான் குதித்திருக்கிறேன். சில வருஷத்துக்கு முன் இங்கே ஒரு பந்த் நடந்தது. கடைகள் மூடியிருந்தன, ஒரு பஸ் கண்ணாடி உடைந்தது, மத்தியானத்துக்கு மேல் பையன்கள் காலியான ரோட்டில் கிரிக்கெட் ஆடினார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அக்கா போன் செய்தாள். ஓவென்று அழுகை.

"உயிரோட இருக்கியாடி? இங்க நியூஸ்ல காட்டறாங்க. ஊரே கலவரமாம்."

"நெத்திலி ஆஞ்சிக்கிட்டு இருக்கேன் க்கா."

"பொய் சொல்லாத. நான் பாத்தேன். கண்ணாடியெல்லாம் நொறுங்கிக் கெடக்கு."

அந்தச் சேனல்காரர்களை அன்று நான் கேட்காத வார்த்தை இல்லை. வெள்ளைக்காரனுக்கு நம்ம ஊர் என்றால் குப்பையும் அடிதடியும்தான் தெரியும் என்று கத்தினேன். அங்கேயும் என்னைப்போல் ஒருத்தி உட்கார்ந்து, ஒரு பஸ்ஸை நாலு தடவை போட்டிருப்பாள் என்று அன்று தோன்றவில்லை. அவளுக்கும் ஒன்றரை நிமிடம் வேண்டியிருந்திருக்கும். அவளிடமும் யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

ஆபீஸில் அந்த ஷாட் லிஸ்ட்டைப் பிரதி எடுத்தேன். வெளியே கொண்டுபோகக் கூடாது என்று விதி இருக்கிறது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்று மணிக்குத் தலைவலி என்று சொல்லிக் கிளம்பி நேராகப் பாய் கடைக்குப் போனேன்.

பாய் சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பேசுவது கொஞ்சம் தடுமாறும், படித்தால் எல்லாம் புரியும். மார்க்கெட்டில் யாருக்காவது பிரான்சிலிருந்து கடுதாசி வந்தால் அவரிடம்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் எடிட்டருக்கு இந்த ஊரைப் பற்றித் தெரியாதது இதுதான். பிரெஞ்சுத் தாளை ஆபீசுக்குள் நான் ஒருத்திதான் படிப்பேன், ஆபீசுக்கு வெளியே இருநூறு கிழவர்கள் படிப்பார்கள்.

தாளை அவர் கையில் கொடுத்தேன். "படிங்க பாய். அந்தப் படத்தோட வந்தது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். முதல் வரியில் விரல் நின்றது. "ஒரு காரு," என்றார். இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் ரொம்ப நேரம் நின்றார். வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப்பார்த்தார்.

"பஸ் புடிக்க ஓடறா."

"ஆமா பாய்."

"இத நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டா அப்படி எழுதின?"

"ஆமா."

அவருக்கு இப்போது நான்தான் எழுதினேன் என்பதில் சந்தேகம் இல்லை. முகம் மாறியது. சுற்றிலும் சூட்கேஸ் அடுக்கியிருந்த அந்தக் கடையில் நிற்க எனக்கு இடம் இல்லாதது மாதிரி இருந்தது.

"நேத்திலேர்ந்து எம் பொண்ணு சாப்புடல. நானும் சாப்புடல. ஒருத்தி பஸ்ஸுக்கு ஓடினதுக்கு."

"தப்புதான் பாய்."

"தப்புன்னா, தெரியாம பண்றது." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நீ வீட்டுக்குப் போ தங்கச்சி."

அதோடு டிக்கெட் விஷயம் முடிந்துவிடும், அவர் மகளை அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு எங்கள் ரிசப்ஷனிலிருந்து எடிட்டருக்குப் போன் வந்தது. உலகச் செய்தி சம்பந்தமாக ஆள் வந்திருக்கிறார்களாம். எடிட்டர் இரண்டு தடவை கேட்டார். "உலகச் செய்தியா? உள்ளூர்ச் செய்தின்னு சரியா கேளும்மா." உலகச் செய்திதான்.

பாய் வந்திருந்தார். கூட மார்க்கெட்டிலிருந்து நாலு பேர். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், எல்லோர் வீட்டிலும் அங்கே ஒரு மகனோ மகளோ உண்டு. அதில் ஒருவர் ரிட்டயர்டு பிரெஞ்சு வாத்தியார். அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். ரிசப்ஷன் பெண்ணுக்கு ஒரு எழுத்து புரியவில்லை. ஆனாலும் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

எடிட்டர் போனார். நானும் பின்னால் போனேன்.

"பாய், இது வெளிநாட்டுச் செய்தி," என்றார் எடிட்டர்.

"தெரியும் சார். எம் பொண்ணு போறதும் வெளிநாடுதான்."

"படம் அவங்க அனுப்பறதுதான். நாங்க போடறோம், அவ்ளோதான்."

"அவங்க ஒரு காரு அனுப்பினாங்க. மீதி ஆறு காரு யாரு வாங்கினது?"

வாத்தியார் சிரித்துவிட்டார். எடிட்டருக்கு வேர்த்தது. வலைத் தகராறுக்கு வந்தவர்களை அவர் சமாளித்திருக்கிறார். இரண்டு தரப்பையும் தனித்தனியாக உட்காரவைத்து, டீ கொடுத்து அனுப்புவார். இங்கே ஒரே தரப்புதான். அதுவும் கையில் தாளோடு. இங்கேயும் டீ வரவழைத்தார்.

"சரி பாய். உங்க பிரச்சன புரியுது. இன்னிக்கு ஆறு மணிக்கு 'அமைதி திரும்பியது'ன்னு போட்டுடறோம். பொண்ணு நிம்மதியா போகட்டும்."

பாய் உடனே கேட்டார். "திரும்பிடுச்சா?"

எடிட்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம். காலையில் வந்த தாளை நான் படித்திருந்தேன்.

"இல்ல," என்றேன். "நேத்தும் ரெண்டு கார் எரிச்சிருக்காங்க. பக்கத்து ஊர்லயும் கூட்டம் கூடியிருக்கு. கோபம் அடங்கல."

"அப்புறம் எப்படி சார் அமைதி?" பாய் குரல் உயர்ந்தது. "முந்தாநேத்து இல்லாத நெருப்ப வச்சீங்க. இன்னிக்கு இருக்கற நெருப்ப அணைக்கிறீங்களா? ரெண்டும் உங்க கையிலதான் இருக்குதா?"

"நீங்கதானே பாய் பயமா இருக்குன்னீங்க?"

"பயப்படறது எங்க வேல. எதுக்கு பயப்படணும்னு சொல்றதுதான் உங்க வேல. எந்த ஊரு, எந்தத் தெரு, எத்தினி காரு, அவங்க ஏன் கோவமா இருக்காங்க, இத சொல்லுங்க. அனுப்பறதா வேணாமான்னு நாங்க பாத்துக்கறோம்."

இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். பெரிய ஹாலில் மாலை போட்டுக்கொண்டு பத்திரிகை தர்மம் பேசியவர்கள் பலரைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னது இல்லை.

ஐந்து பேரும் போகவில்லை. ஆறு மணிச் செய்தியைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்துகொண்டார்கள். இடையில் தொழுகைக்கு எழுந்து போய்விட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே எடிட்டர் என்னைப் பிடித்தார்.

"அந்தத் தாள யார் கொடுத்தது?"

"நான்."

"மேடம், வெளிய தெரிஞ்சா நம்ம பேரு என்ன ஆகும்?"

"நம்ம பேரு ரிசப்ஷன்ல உக்காந்து டீ குடிக்குது சார். நீங்களே போய்ப் பாருங்க."

அவர் கத்தினார். நானும் கத்தினேன். கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என்னவோ எழுதித் தொலையுங்கள் என்றார். எழுதினேன். அந்தப் புறநகரின் பெயரை எழுதினேன். பாரிஸ் நகரத்துக்கு வடக்கே, இத்தனை கிலோமீட்டர் என்று எழுதினேன். போலீஸ் காவலில் ஒருவன் செத்ததற்கு நியாயம் கேட்டுத் தெருவுக்கு வந்திருக்கிறார்கள், நேற்று இரண்டு கார்கள் எரிந்தன, பெரும்பாலானவர்கள் பூக்களோடு அமைதியாக நடந்தார்கள், நகரத்தின் மற்ற பகுதிகளில் பஸ் ஓடுகிறது, இன்னும் பதற்றம் தீரவில்லை. முப்பத்தைந்து வினாடி வந்தது. இளைஞர்கள் என்று தாளில் இருந்ததை இளைஞர்கள் என்றே எழுதினேன். முந்தைய செய்தி தவறு என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அதை எடிட்டர் வெட்டிவிட்டார். எங்கள் சேனல் இன்றுவரை அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்காது.

அடுத்த வாரம் என்னைக் கோயில் திருவிழாச் செய்திக்கு மாற்றினார்கள். வீராம்பட்டினம் தேரைப் பற்றி எழுதினேன், நன்றாகவே எழுதினேன். பதினைந்து நாள்தான். பிரெஞ்சுத் தாளைப் படிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை, திரும்பக் கூப்பிட்டார்கள். ஊர்ப்பெயரும் எண்ணிக்கையும் இல்லாமல் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இப்போதும் எடிட்டர் பாதியை வெட்டுகிறார். வெட்டட்டும். நான் எழுதுவதை அவர் வெட்டட்டும், அவருக்காக நான் வெட்டிக் கொடுக்கமாட்டேன்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று மாலை செய்தியைப் பார்த்துவிட்டுப் பாய் எழுந்து போனார். மகள்தான் எனக்கு அப்புறம் சொன்னாள். வீட்டுக்குப் போனதும், செய்தியில் சொன்ன ஊரைப் போனில் எடுத்துக் காட்டச் சொன்னாராம். அவள் வரைபடத்தைக் காட்டி, அங்கிருந்து தன் புருஷன் வீடு எவ்வளவு தூரம் என்று அளந்தாளாம்.

"இங்கேர்ந்து திண்டிவனம் போற தூரம் அத்தா."

"திண்டிவனத்துல கலாட்டான்னா நான் கடைய மூடுவனா?"

"மூடமாட்டீங்க. மூடினாத்தான் அம்மா சந்தோஷப்படுவாங்க."

அப்போதும் சரி என்று சொல்லவில்லை. மூன்று நாள் யோசித்தார். மருமகனைப் பத்துத் தடவை கூப்பிட்டார். உங்க தெருவிலிருந்து ஸ்டேஷன் எத்தனை நிமிஷம், எந்த லைன், அந்த லைன் கலாட்டா நடக்கிற ஊர் வழியாகப் போகுதா என்று குடைந்தார். அவனும் பொறுமையாகப் பதில் சொன்னான். டிக்கெட் நாளுக்கு முந்தின நாள் காலையில், கடையிலிருந்து ஒரு பெரிய நீலப் பெட்டியைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். அதைப் பார்த்துத்தான் முடிவு தெரிந்தது. என் வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்த்தார். பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து கார் கிளம்பியது. மகள் எனக்குக் கையசைத்தாள். விசாவில் போட்ட தேதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. எனக்கு உள்ளே வேறு கணக்கு ஓடியது. போகாதே என்று பொய்யால் தடுத்தேன். போகலாம் என்று இப்போது அவர் எடுத்த முடிவு நான் எழுதிய முப்பத்தைந்து வினாடியில் நிற்கிறது. அங்கே அவளுக்கு ஏதாவது ஆனால்? அதற்கும் நான்தான் பொறுப்பு. உலகச் செய்தியை யாரும் அப்படி நினைத்து எழுதுவதில்லை. நானும் அதுவரை நினைத்ததில்லை.

அடுத்த நாள் மத்தியானம், நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். எதிர்வீட்டிலிருந்து பாய் மனைவி ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தார். "வா தங்கச்சி, பேசறா, வா." உள்ளே போனேன். பாய் போனை ஸ்பீக்கரில் வைத்து, மேசைமேல் வைத்து, அதன்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். பேச்சு விட்டுப்போன பிறகு அவர் எனக்குச் செய்த முதல் காரியம் அது.

"எறங்கிட்டேன் அத்தா. அவரு வந்தாரு. வீட்டுக்கு வந்துட்டோம். நல்லா இருக்கேன்."

"வழியில இன்னா பாத்த?"

"ஒண்ணும் இல்ல அத்தா, நல்லா இருக்கு."

"ஒண்ணும் இல்லன்னா கண்ண மூடிக்கிட்டா போன? சொல்லு."

அப்புறம் அவள் குரல் இறங்கி வந்தது.

"ஏர்போர்ட்டுலேர்ந்து வர்றப்ப ஒரு எடத்துல பஸ் ஸ்டாப் கண்ணாடி உடஞ்சிருந்துச்சி. போலீஸ் வண்டி நாலு நின்னுச்சி. எங்களையும் நிறுத்தி பேப்பர் கேட்டாங்க. எடுத்துக் குடுத்தேன். அப்புறம் போகச் சொல்லிட்டாங்க. எங்க தெருவுல ஒண்ணும் இல்ல. எதிர்ல ரொட்டிக்கடை தொறந்திருக்கு. கூட்டமா நிக்கறாங்க."

பாய் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பயந்துதான் இருந்தார். எனக்கும் அந்த நாலு போலீஸ் வண்டி கண்முன் நின்றது. ஆனால் நான் நினைத்ததுபோல் அவர் உடனே திரும்பி வா என்று கத்தவில்லை.

"எத்தினி மணிக்கு நிறுத்தினாங்க?"

"காலைல எட்டு இருக்கும்."

"உன்ன மட்டுமா, எல்லாரையுமா?"

"முன்னாடி போன வண்டியையும் நிறுத்தினாங்க. அதுல இருந்தது வெள்ளக்காரங்க. அவங்கள சீக்கிரம் விட்டுட்டாங்க. எங்கள கொஞ்ச நேரம் வச்சிருந்தாங்க."

"ம்." இதையும் வாங்கிக்கொண்டு பாய் தலையாட்டினார். "சாப்டியா?"

"ரொட்டி வாங்கப் போயிருக்காரு."

"சாப்டு. நாளைக்கும் கூப்புடு. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிடாத. பாத்தத சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

போனை வைத்துவிட்டு எழுந்தார். கடைக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டே மனைவியிடம் சொன்னார்.

"தங்கச்சி சாப்புடாம வந்திருக்கா பாரு. சோறு போடு."